பூஜை அறையில் இருக்கும் அறுகோண நட்சத்திரத் தகடு: யந்திரமா, பழைய கார் சின்னமா?

சுவாமிமலைப் பேரன்:
வணக்கம். சுவாமிமலையில் எங்கள் பாட்டி வீட்டுப் பூஜை அறையில், முருகன் படத்துக்குக் கீழே ஒரு வட்டத் தகடு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரண்டு முக்கோணங்கள், நடுவில் பின்னிக்கொண்டிருக்கும் ஏதோ எழுத்து. சண்முக யந்திரம் என்றே நினைத்து வளர்ந்தோம். பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்.

போன வாரம் வெள்ளையடிப்பதற்காக எல்லாவற்றையும் இறக்கியபோதுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். சந்தனத்துக்கு அடியில் கண்ணாடி போல வழவழப்பான பூச்சு, அங்கங்கே நீலம். பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. சிலை வார்க்கும் பட்டறையில் இருக்கும் மாமாவிடம் காட்டினேன். “இது வார்ப்பு இல்லடா, அச்சுல அடிச்சது. நம்ம ஊர் வேலை இல்ல” என்றார். பாட்டியின் மாமனார் திருவையாறு பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் கார் ஓட்டியவர். அதனால்தான் சந்தேகம் வந்தது. மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடாமல் எப்படிச் சுத்தம் செய்வது என்றும் சொல்லுங்கள்.

குடந்தைக்காரன்:
ஆறு மூலையிலும் ச, ர, வ, ண, ப, வ இருக்கிறதா பாருங்கள். யந்திரம் என்றால் பெரும்பாலும் எழுதியிருக்கும். இல்லையென்றால் ஸ்டூடிபேக்கர் காராக இருக்கலாம்.

மன்னார்குடி பழைய வண்டி:
ஸ்டூடிபேக்கர் இல்லை. அதன் பழைய சின்னம் ஒரு சக்கரம், குறுக்கே சாய்வாகப் பெயர் ஓடும். தம்பி, தகட்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய பேட்ஜில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் அதிகம் பேசும். தடித்த போல்ட் இருந்தால் மோட்டார் சங்கத்து பேட்ஜாக இருக்கலாம். பம்பருக்கு மேலே கம்பியில் முடுக்குவார்கள். மெல்லிய முளைகள் என்றால் ரேடியேட்டர் சின்னம். நடு எழுத்தை ஆங்கில எழுத்தாக நினைத்துப் படித்துப் பாருங்கள்.

சுவாமிமலைப் பேரன்:
மூலைகளில் எழுத்து எதுவும் இல்லை. பின்னால் ஒடிந்த இரண்டு முளைகள், சுற்றிலும் ஈயப்பற்று. நடுவில் இருப்பதை இவ்வளவு நாள் கிரந்த எழுத்து என்று நினைத்திருந்தோம். இப்போது பார்த்தால் டி, பி மாதிரி இருக்கிறது!

மன்னார்குடி பழைய வண்டி:
சரி, அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். டாட்ஜ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கார் கம்பெனியின் சின்னம். விளிம்பைச் சுற்றி ‘டாட்ஜ் பிரதர்ஸ் மோட்டார் வெஹிகிள்ஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்திருக்கும், தேய்ந்துபோயிருக்கும். நட்சத்திரத்துக்குப் பின்னால் உலக வரைபடம் உண்டு. மிச்சமிருக்கும் பூச்சில் நாடுகளின் கரை போல வளைகோடு தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

ஜான், ஹொரஸ் என்று இரண்டு சகோதரர்கள். டெட்ராய்ட்டில் ஃபோர்டுக்கு உதிரி பாகம் செய்து கொடுத்தவர்கள், 1914 நவம்பரில் சொந்தக் காரை வெளியே விட்டார்கள். 1920இல் இருவருமே இறந்துபோனார்கள், அதுவும் ஒரே வருடத்தில். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 1925இல் அவர்களுடைய மனைவிகள் 14.6 கோடி டாலருக்குக் கம்பெனியை விற்றார்கள். 1928இல் அது கிரைஸ்லர் என்ற இன்னொரு கார் கம்பெனியின் கைக்குப் போனது. கொஞ்ச காலத்தில் ‘பிரதர்ஸ்’ பெயரிலிருந்தே உதிர்ந்தது, 1932இல் செம்மறிக் கிடா சின்னம் வந்தது. ஆகவே உங்கள் தகடு 1914க்கும் ஏறத்தாழ 1930க்கும் இடையில் செய்த வண்டியுடையது. பிற்காலத்தில் பம்பாயில் பிரீமியர் கம்பெனி பூட்டிய டாட்ஜோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாச்சியார்கோவில் பாத்திரக்கடை:
சுத்தம் செய்வது பற்றி நான் சொல்கிறேன். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது சரி, இதற்கு ஆகாது. இந்த வழவழப்பான பூச்சுதான் எனாமல். எனாமல் என்பது கண்ணாடிப் பொடி. உலோகத்தில் குழித்த பள்ளத்தில் நிரப்பி 800 டிகிரி அளவில் சுட்டு உருக்கியது. புளியின் அமிலம் விரிசல் வழியாக உள்ளே இறங்கினால் அடியிலிருக்கும் செம்பை அரிக்கும், ஓரத்துப் பூச்சு தூக்கிக்கொண்டு வந்துவிடும். எலுமிச்சையும் வேண்டாம். வெந்நீரும் வேண்டாம்: செம்பு விரிகிற வேகம் வேறு, கண்ணாடி விரிகிற வேகம் வேறு.

ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, பஞ்சு, அவ்வளவுதான். காய்ந்த சந்தனத்தின் மேல் ஈரப் பஞ்சை வைத்துவிட்டுக் காத்திருங்கள், தானாக இளகும். நகத்தால் சுரண்ட வேண்டாம். அப்புறம், யாராவது ‘திரும்ப எனாமல் வைத்துத் தருகிறேன்’ என்று தீயில் காட்டக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். எனாமல் உருகும் முன்பே பின்னால் இருக்கும் ஈயம் ஓடிவிடும், முளைகள் கழன்றுவிடும்.

சுவாமிமலைப் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் பஞ்சு வைத்தேன். இடது ஓரத்தில் வளைகோடு தெரிகிறது, விளிம்பில் ‘பிரதர்ஸ்’ என்பதில் நான்கு எழுத்துகள் வெளியே வந்துவிட்டன.

பாட்டியிடம் சொல்லத் தயங்கினேன். வருத்தப்படுவாரோ என்று பயம். சொன்னதும், “கார் தகடுன்னு எனக்குத் தெரியாதா? வண்டியை எடைக்குப் போட்டப்ப உங்க தாத்தாவோட அப்பா இது ஒண்ண மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தார். நான் கல்யாணமாகி வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்தான் எடுத்துப் பொட்டு வெச்சார். அவர் போன பிறகு நான் வெக்கிறேன்” என்றார்.

தகடு பழைய இடத்துக்கே போய்விட்டது. பூச்சில் படாமல், கீழே ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறோம். குங்குமம் இனிமேல் பலகைக்கு.