கணக்கு வேலையிலிருந்து பயிற்சியாளர் வேலைக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். பல வருடங்களாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சம்பளத்திலோ உடன் வேலை செய்பவர்களிடமோ எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் மாதக் கணக்கை முடித்துக் கொடுத்த பிறகு எதையோ செய்தோம் என்ற நிறைவு வருவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் நாட்களில் மட்டும் நேரம் போவதே தெரியாது.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆர்வச் சோதனையைச் செய்து பார்த்தேன். வேலை ஆர்வங்களை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் ஆறு வகையாகப் பிரித்ததை வைத்து அமைத்தது அது. எனக்கு மற்றவர்களுக்குக் கற்பித்து உதவும் வகைதான் முதலில் வந்தது. சரி, அது ஆர்வத்தைத்தான் சொல்கிறது, திறமையை இல்லை. அதை மட்டும் நம்பி வேலையை விட எனக்குத் துணிவில்லை, வீட்டுக் கடனும் இருக்கிறது.

அதனால் இப்படி மாறியவர்களிடம் கேட்கிறேன். இருக்கும் நிறுவனத்திலேயே பயிற்சிப் பிரிவுக்கு இடம் கேட்டீர்களா, இல்லை வெளியே போனீர்களா? வேலையில் இருந்துகொண்டே வார இறுதியில் வகுப்பு எடுத்துப் பார்த்தால், உண்மையான அனுபவம் கிடைக்குமா? சான்றிதழ் படிப்பை யாராவது மதிக்கிறார்களா? அப்புறம், முக்கியமாக, தொடக்கத்தில் சம்பளம் குறைந்ததை எப்படிச் சமாளித்தீர்கள்? மாறிப் பார்த்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பியவர்கள் இருந்தால், உங்கள் பதில் எனக்கு இன்னும் அதிகம் உதவும். பொதுவில் எழுதத் தயக்கம் என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள்.