பீட்ரூட்: இலை செழிக்கிறது, கிழங்கு திரளவில்லை

கேள்வி:
வீட்டுத் தோட்டத்தில் பீட்ரூட் விதைத்து 65 நாட்களாகின்றன. இலைகள் தளதளவென்று நிற்கின்றன. நேற்று ஆசையோடு நான்கைந்து செடிகளைப் பிடுங்கினேன். எல்லாம் சுண்டுவிரல் பருமன் வேர்தான். பாத்தி ஓரத்தில் தனியாக நின்ற ஒரு செடியில் மட்டும் எலுமிச்சை அளவு கிழங்கு. அதையும் தோல் சீவி, நறுக்கி வேகவைத்தேன். சாயமெல்லாம் தண்ணீரில் இறங்கித் துண்டுகள் வெளிறிவிட்டன. பத்து நாளுக்கு ஒரு முறை எரு போடுகிறேன். எங்கே தவறினேன்?

பதில் 1:
தழைச்சத்து மிஞ்சிவிட்டது. எருவை நிறுத்துங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் படுகிறதா?

பதில் 2:
எருவைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் தனியாக நின்ற செடிக்கும் அதே எருதானே? அது கிழங்கு வைத்திருக்கிறதே! ஒரு குழியில் எத்தனை செடிகள் நிற்கின்றன என்று பாருங்கள்.

கேட்டவர்:
வெயில் நன்றாகவே படுகிறது. குழிக்கு ஒரு விதைதான் ஊன்றினேன். இப்போது மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒவ்வோர் இடத்திலும் மூன்று, நான்கு தண்டுகள்! வேர்கள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன.

பதில் 2:
அதுதான் காரணம். நாம் விதை என்று ஊன்றும் அந்தச் சொரசொரப்பான உருண்டை, பல விதைகள் ஒட்டிய கொத்து. நாற்று நான்கைந்து செ.மீ. வளர்ந்ததும் குழிக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் களைந்திருக்க வேண்டும். செடிக்குச் செடி 8 முதல் 10 செ.மீ. இடைவெளி தேவை. இப்போதும் செய்யலாம். பிடுங்காதீர்கள், பக்கத்து வேர் அறுந்துவிடும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டுங்கள். எல்லாம் தேறும் என்று சொல்லமாட்டேன். மூன்று, நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள். வெட்டிய இலைகளைக் கீரையாகச் சமைக்கலாம்.

பதில் 3:
சமையலுக்கு வருகிறேன். அந்தச் சிவப்புச் சாயம் நீரில் கரையக்கூடியது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் அதற்கு வாசல். தோலைச் சீவாதீர்கள். தண்டில் இரண்டு விரற்கடை விட்டு, வால்வேரையும் நறுக்காமல் முழுசாக வேகவையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் நிற்கும், மண்வாடையும் குறையும். கத்தி எளிதாக இறங்கியதும் எடுத்து, குளிர்ந்த நீரில் போட்டு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும்.

கேட்டவர்:
மாலையில் வெட்டிவிட்டேன். ஒரு கூடை இலை! ஒரு குழியில் மட்டும் இரண்டும் சம பலத்தோடு நின்றன. மனம் வராமல் விட்டுவிட்டேன்.

பதில் 2:
அதில் ஒன்றையும் இன்றே வெட்டிவிடுங்கள்.