தோட்டப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டத்தின் வழியே இலக்கும் தன்மதிப்பும்: ஆலோசனை வேண்டும்

கேள்வி (ஆரம்பப் பிரிவு ஆசிரியை, பொகவந்தலாவைப் பகுதி, இலங்கை மலையகம்)

வணக்கம். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 4இல் 26 பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். பெரியவர்களானதும் என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். முதலில் எழுந்தவள் டொக்டர் என்றாள். அடுத்த நால்வரும் அதையே சொன்னார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தரம் 5இல் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, "எனக்கு அதெல்லாம் வராது டீச்சர்" என்று முடிவுகட்டிவிட்ட பிள்ளைகள் அவர்களுக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

வாரத்துக்கு ஒரு பாடவேளையாக எட்டு வாரங்கள் பொம்மலாட்டம் நடத்த அதிபர் அனுமதித்திருக்கிறார். கொழுந்து எடுக்கும் தாயொருத்தியின் மகள் வறுமையில் வாடி, கனவு கண்டு, இறுதிக் காட்சியில் வெள்ளை மேலங்கியுடன் அதே தோட்டத்துக்கு டொக்டராகத் திரும்புவதாகக் கதை எழுதியிருக்கிறேன். நானும் இன்னொரு ஆசிரியையும் பாவைகளை ஆட்டுவோம், பிள்ளைகள் பார்ப்பார்கள். இந்த அமைப்பு சரியா? எவ்வகைப் பாவை ஏற்றது? வகுப்பில் வாயே திறக்காத ஒரு மகன் இருக்கிறான். அவனை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற நாடகமும் அரங்கியலும் ஆசிரியர், ஹட்டன்)

அன்புள்ள டீச்சர், உங்கள் அக்கறை கதையில் தெரிகிறது. ஆனாலும் அந்தக் கதையை இப்படியே மேடையேற்ற வேண்டாம் என்று சொல்வேன்.

கனவு காணும் காட்சிக்கும் வெள்ளை மேலங்கிக் காட்சிக்கும் இடையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. பிள்ளைக்குத் தெரியாதது அந்த இடைப்பகுதிதான். அதைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டால், "அவள் கெட்டிக்காரி, அதனால் டொக்டரானாள்; நான் அப்படியில்லை" என்றுதான் பின் வரிசைப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். இதைவிட எனக்குக் கவலை தருவது, முதற் காட்சியில் கூடையோடு வாடி நிற்கும் தாய்ப் பாவை. நீங்கள் பாவையாட்டும் அதே வேளையில் அந்தப் பிள்ளைகளின் தாய்மார் மலையில் நிற்கிறார்கள். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு)ப் போய், இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கூடைக் கயிறு தலையில் அழுந்த, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் அந்தக் கைகளின் வேகம் எளிதில் வருவதில்லை. கூலி குறைவு என்பதும் லயன் அறை (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) நெருக்கடியானது என்பதும் உண்மை. அவை மாற வேண்டும். ஆனால் தாயின் தொழிலை வெட்கத்துக்குரியதாகக் காட்டி, அதிலிருந்து தப்பி ஓடுவதையே இலக்காக வைத்தால், பிள்ளை தன்னைப் பெற்றவளையும் தன்னையும் ஒருசேரத் தாழ்த்திக்கொள்ளும். தாய்ப் பாவைக்கும் ஓர் இலக்கு கொடுங்கள். அவள் கையொப்பமிடப் பழகலாம், துண்டுச் சீட்டில் எழுதிய கொழுந்தின் நிறையைத் தானே கூட்டிப் பார்க்கலாம். மகளும் தாயும் ஒரே விளக்கின் கீழ் படிப்பதாக ஒரு காட்சி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பாவை வகையைப் பற்றி: அம்பலாங்கொடைப் பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறையாக ஆட்டிவரும் நூற்பாவைக் கூத்து, சிங்களத்தில் ரூகட நாட்டிய என்பது, 2018இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் நூற்பாவையை ஆட்டக் கைப்பழக்கம் வர நெடுநாள் பிடிக்கும். எட்டு வாரங்களுக்குப் பழைய காலுறையில் பொத்தான் தைத்த கைப்பாவை போதும். அடுத்ததாக நிழற்பாவை. வெள்ளை வேட்டி, டோர்ச் விளக்கு, பெட்டி மட்டையில் வெட்டிய உருவங்கள், இவ்வளவே செலவு.

எந்த வகையானாலும் பாவை பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் முகம் தெரியாது. பிழை விட்டால் விட்டது பாவை. அந்த மறைவில்தான் கூச்சமுள்ள பிள்ளைக்கு வாய் திறக்கிறது. என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்ட உத்தி இது: பாவை ஏதோ ஒன்றில் தோற்று, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "இவனுக்கு இப்போது என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பேன். தமக்குத் தாமே ஒருபோதும் சொல்லிக்கொள்ளாத ஆறுதலையும் யோசனையையும் பிள்ளைகள் அந்தப் பாவைக்குச் சொல்வார்கள். அவற்றை அப்படியே எழுதி வையுங்கள். அடுத்த வாரத்துக் கதை அதிலிருந்து பிறக்கும்.

மறுமொழி 2 (சிறுவர் உளவளத்துணையாளர், நுவரெலியா)

மேலே ஹட்டன் ஆசிரியர் சொன்ன, கனவுக்கும் வெற்றிக்கும் நடுவிலுள்ள இடைப்பகுதியைப் பற்றி ஆய்வுகளும் பேசுகின்றன. உளவியலாளர்கள் அல்பர்ட் பண்டூரா, டேல் ஷங்க் ஆகிய இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் பின்தங்கிய சிறுவர்களுக்குக் கழித்தல் கணக்குகள் கொண்ட 42 பக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு ஓர் அமர்வில் 6 பக்கங்கள் என்ற இலக்கும், இன்னொரு குழுவுக்கு ஏழாவது அமர்வின் முடிவில் 42 பக்கங்களும் என்ற இலக்கும் சொல்லப்பட்டன. கிட்டத்து இலக்கு வைத்தவர்கள் வேகமாக முன்னேறினார்கள். தம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் கணக்கின் மீது விருப்பமும் அவர்களிடம் வளர்ந்தன. தூரத்து இலக்கால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. ஆகவே உங்கள் பாவைக்கு டொக்டர் கனவு இருக்கட்டும். மேடையில் அது எட்டுவது இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடியக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

தடைகளையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். "மின்சாரம் போனால், மறுநாள் காலை மணி அடிக்க முன்பு அந்தப் பக்கத்தை வாசிப்பேன்", "தம்பி அழுதால், அவனை அப்பாயியிடம் (அப்பாவின் அம்மாவிடம்) கொடுத்துவிட்டு வந்து தொடர்வேன்" என்று பாவை வாய்விட்டுச் சொல்லட்டும். இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவர்கள் அதைச் செய்துமுடிப்பது கூடுதல் என்பதைப் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பாராட்டில் கவனம் தேவை. கெட்டிக்காரன் என்று புகழப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப் பின் சோர்ந்துபோனதையும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றதையும் உளவியலாளர்கள் முல்லர், டுவெக் ஆகியோர் 1998இல் ஐந்தாம் தரத்துச் சிறுவர்களிடம் கண்டார்கள். தன்மதிப்புக் குறைந்த பிள்ளையை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், அந்தப் பெயரைக் காப்பாற்ற முடியாதோ என்று அஞ்சி அது கடினமான வேலையிலிருந்து ஒதுங்கக்கூடும். "அந்த இடத்தில் நின்று மீண்டும் ஒருமுறை முயன்றாயே, அதை நான் பார்த்தேன்" என்று நடந்ததைச் சொன்னாலே போதும்.

இன்னும் ஒன்று. பாவையின் வாயால் சில வேளைகளில் வீட்டுத் துயரம் வெளிவரும். வகுப்பின் முன்னால் அதைத் துருவிக் கேட்காதீர்கள். அடியோ தீங்கோ இருப்பதாகத் தோன்றினால் தனியே பேசி, அதிபருக்கு அறிவித்து, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

பேசாத மகனைப் பேசு என்று கேட்க வேண்டாம். முதல் வாரங்களில் விளக்கைப் பிடிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அவன் விளக்கை அணைத்தால் ஆட்டமே நிற்கும் என்பது அவனுக்குத் தெரியட்டும். பாவைக்குள் துணிவு வந்த பிறகு, ஒவ்வொரு அமர்வின் இறுதியிலும் பாவையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் குரலில் ஒரு வாக்கியமாவது சொல்ல எல்லாருக்கும் இடம் கொடுங்கள். இதை விட்டுவிட்டால் துணிவு காலுறைக்குள்ளேயே தங்கிவிடும்.

மறுமொழி 3 (காமன் கூத்துக் கலைஞரின் மகள், புசல்லாவை)

அக்கா, பாவைகள் எந்தத் தமிழில் பேசப் போகின்றன என்பதையும் யோசியுங்கள். நான் சிறுமியாக இருந்தபோது, லயத்தில் (லயன் வீடுகளில்) பேசுவதுபோல் பேசாதே என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் திருத்தப்பட்டேன். அதன்பின் நெடுங்காலம் கையுயர்த்தவில்லை. பாவை வீட்டுப் பேச்சிலேயே பேசட்டும். பாடப்புத்தகத் தமிழை எழுத்துப் பாடத்தில் படித்துக்கொள்வார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குக் கூத்துப் புதிதன்று. மாசி மாதத்துக் காமன் கூத்தில் மதன் எரிவதையும், ரதி கணவனுக்காகச் சிவனிடம் மன்றாடுவதையும் விடிய விடிய விழித்திருந்து பார்த்தவர்கள். தப்புப் பறை அடித்து ஒவ்வொரு பாவையையும் வரவழையுங்கள். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறு (வெட்டிய தேயிலைக் கிளை)க் குச்சி நிழற்பாவைக்கு நல்ல பிடி. பாவை செய்ய உரச் சாக்கை எடுத்தால், நன்றாகக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். முடியுமானால் ஒரு வாரம், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் கதையை நிழலாட்டமாகச் செய்யுங்கள். 2023இல் அந்த வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். அந்த நடை எவ்வளவு நீளமானது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

கேள்வி கேட்டவரின் பதில் (ஐந்து வாரங்களின் பின்)

மூவருக்கும் நன்றி. கதையை மாற்றிவிட்டேன். இப்போதைய பாவைக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது. நான்கு வாரங்களாகப் பிள்ளைகளே அதற்கு வழி சொல்லி வருகிறார்கள். வாய்ப்பாட்டை மிலாறுக் கட்டுகளாக அடுக்கி எண்ணலாம் என்று சொன்னது, தனக்கு வராது என்று முன்பு சொன்ன அதே பிள்ளை. தாய்ப் பாவையை ஆட்டுவதற்குத்தான் இப்போது போட்டி அதிகம்.

பேசாத மகன் இரண்டு வாரங்கள் டோர்ச் பிடித்தான். மூன்றாம் வாரம் ஒரு நாய்ப் பாவை செய்து வந்து குரைத்தான். நான்காம் வாரம் அந்த நாய், "ஏழேழு என்ன?" என்று மற்றப் பாவையிடம் கேட்டது. இந்த வாரம் அவன் நாயைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஏழாம் வாய்ப்பாட்டைத் தன் குரலில் பாதி வரை சொன்னான். மீதியை அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்வதாக அவனே சொல்லியிருக்கிறான்.