முண்டு மிளகாய் நாற்று சாய்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராமநாதபுரம் முண்டு மிளகாயை மாடியில் வளர்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற, குண்டு குண்டான அந்த மிளகாய்தான். ஊரிலிருந்து வந்த வற்றலில் விதை எடுத்து, தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில் விதைத்தேன். முளைப்பு அருமை. ஆனால் இரண்டு இலை விட்டதும், மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நீர்கோத்து மெலிந்து, நாற்று அப்படியே சாய்ந்துவிடுகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. நாற்றழுகல் நோய்தானே இது?

மீதி விதையை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்து விதைத்தால் போதுமா, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவையும் மண்ணில் ஊற்ற வேண்டுமா? மேலே தெளிக்காமல் தட்டுக்கு அடியில் தண்ணீர் வைப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், முண்டு அங்கே மானாவாரியில் விளைவது. தொட்டியில் வளர்த்தவர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.