தத்துவ வகுப்பில் உங்களுக்கு நேர்ந்தது என்ன? (அனுபவப் பகிர்வு)

தொடங்கியவர்: மேல்நிலை வகுப்பு ஆசிரியை

மேல்நிலை வகுப்புகளுக்குத் தத்துவம் நடத்துகிறேன். பதினாறு வருடம் ஆகிறது. இங்கே சிலர் இந்தப் பாடத்தைப் படித்திருப்பீர்கள், சிலர் நடத்தியும் இருப்பீர்கள். அந்த வகுப்பில் உங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ, நடந்தது நடந்தபடி வரட்டும். முதலில் என்னுடையது. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். பிளேட்டோவின் குகை உவமையை விளக்குக என்று ஓர் ஐந்து மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் ஐந்து புள்ளிகள்: குகைக்குள் கட்டுண்டு கிடப்பவர்கள், சுவரில் விழும் நிழல், விடுபட்ட ஒருவர், வெளியே சூரியன், திரும்பி வந்தவரை மற்றவர்கள் நம்பாதது. புள்ளிக்கு ஒரு மதிப்பெண். நாற்பது ஐம்பது தாள் திருத்திய பிறகு கண் வாசிப்பதை நிறுத்திவிடும். சொல் இருக்கிறதா என்று மட்டும் தேடும்.

ஒரு தாளில் உவமை ஒரே வரியில் முடிந்திருந்தது. மீதிப் பக்கம் முழுக்க ஒரு கேள்வி. வெளியே போனவர் அங்கே பார்த்ததுதான் உண்மை என்று எப்படி முடிவு செய்தார்? உள்ளே இருந்தபோது நிழல்தான் உண்மை என்று இதே அளவு உறுதியாகத்தானே இருந்தார்? அந்த உறுதி ஒரு தடவை ஏமாற்றிவிட்டது என்றால் அடுத்த தடவை அதை ஏன் நம்ப வேண்டும்? இவ்வளவுதான் எழுதியிருந்தது. ‘ஏன்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. பேனா அழுத்தியதில் பின்பக்கம் வரை தடம் பதிந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போனேன். அவர் முழுசாகப் படித்தார். “நல்லா எழுதியிருக்கு. ஆனா குறிப்புல இல்லாததுக்கு மார்க் போட்டா நாளைக்கு நீங்களும் நானும் பதில் சொல்லணும்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலும் அதே விடைக்குறிப்புதான் இருந்தது. திரும்பி வந்து ஒரு மதிப்பெண் போட்டேன்.

வருடம் முழுக்க “கேளுங்கள், கேளுங்கள்” என்று வகுப்பில் சொல்கிறோம். ஒரு பிள்ளை அதை நம்பிக் கேட்டது. நான்கு மதிப்பெண்ணை நான் பிடித்துக்கொண்டேன்.

இலங்கையில் உயர்தரம் படித்தவர்

டீச்சர், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். எங்களுக்கு உயர்தரத்தில் (உங்கள் மேல்நிலை வகுப்பு மாதிரி) ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்று தனிப் பாடமே உண்டு. முதல் கிழமை சேர் (ஆசிரியர்) கரும்பலகையில் ஒரு நியாயத்தொடை, அதாவது மூன்று வரி வாதம், எழுதினார்: எல்லாப் பறவைகளும் பறக்கும். தீக்கோழி ஒரு பறவை. ஆகவே தீக்கோழி பறக்கும். “இந்த வாதம் வாய்ப்பானதா, அதாவது வாதமாகச் சரியா?” என்று கேட்டார். முப்பது பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம். “வாய்ப்பானது” என்றார்.

பெரிய சண்டை. தீக்கோழி பறக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, சேர் என்ன சொல்கிறார்? அவர் சிரிக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. “பிழை எங்கே இருக்கிறது என்று வீட்டில் யோசித்துக்கொண்டு வாருங்கள்” என்று மணி அடிக்க முதலே போய்விட்டார். அடுத்த நாள் பின்வரிசையில் இருந்த ஒருத்தி கண்டுபிடித்தாள்: எடுகூற்று (வாதம் தொடங்கும் கூற்று) பொய், ஆனால் அதிலிருந்து முடிவுக்குப் போன வழி சரி. வழி சரியாக இருப்பது வேறு, சொன்னது உண்மையாக இருப்பது வேறு. எனக்கு அப்போது வயது பதினேழு. இப்போதும் யாராவது அழகாக வாதம் செய்தால், முதல் எடுகூற்றைத்தான் தேடுகிறேன்.

பிறகு அந்த இரண்டு வருடமும் கடந்தகால வினாத்தாளிலேயே போனது. போலிகளின் (பிழையான வாத வகைகளின்) பெயர்களை வரிசையாகப் பாடமாக்கினோம். அந்தப் பட்டியலில் பாதி மறந்துபோனது. தீக்கோழி மறக்கவில்லை.

பிரான்சில் படித்தவர்

எங்களுக்கு லீசேயின் (மேல்நிலைப் பள்ளியின்) கடைசி வருடத்தில் தத்துவம் கட்டாயம். பொதுப் பிரிவில் வாரத்துக்கு நான்கு மணி நேரம். பள்ளி முடிக்கும்போது எழுதும் பக்கலோரியா தேர்வு 1808இல் நெப்போலியன் காலத்தில் தொடங்கியது. தத்துவம் இன்றைக்கும் அதில் இருக்கிறது. தேர்வு நான்கு மணி நேரம். இரண்டு கட்டுரைத் தலைப்பு, விளக்குவதற்கு ஓர் உரைப்பகுதி, மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். தலைப்பு பெரும்பாலும் ஒரே வரிக் கேள்வியாக இருக்கும்.

என் முதல் கட்டுரைக்கு இருபதுக்கு ஆறு வந்தது. டெக்கார்ட், காண்ட், சார்த்தர் என்று மூன்று பேரையும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார்: “மூவரும் வந்துவிட்டார்கள். நீ எப்போது வருவாய்?” அன்றைக்கு அழுதேன். அதற்குப் பிறகுதான் ஒரு பத்தி எழுதினால் அதற்கு நானே எதிர்ப்பத்தி எழுதிப் பார்க்கிற பழக்கம் வந்தது. உங்கள் குகை மாணவி (மாணவனோ தெரியவில்லை) எழுதியது எங்கள் முறையில் கட்டுரையின் தொடக்கமாக இருந்திருக்கும்.

ஆனால் பிரான்சைப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என் அண்ணா தொழிற்பிரிவில் படித்தார். அங்கே தத்துவப் பாடம் கிடையாது. இரவில் என் கொப்பியை எடுத்து வாசிப்பார். ஒருநாள், “வேலை மனிதனை விடுவிக்கிறதா அடிமையாக்குகிறதா” என்ற தலைப்பில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, “இதை எழுதின உனக்கு வேலை செய்து பழக்கமில்லை. பட்டறையில் நிற்கிற எங்களிடம் யாரும் இதைக் கேட்கவில்லை” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யாருக்குக் கேள்வி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று யார் பிரித்தார்கள்?

ஐபி பள்ளி ஆசிரியர்

ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) டிப்ளமாவில் ‘தியரி ஆஃப் நாலெட்ஜ்’ நடத்துகிறேன். நமக்கு ஒன்று தெரியும் என்று எப்படிச் சொல்கிறோம் என்று கேட்கும் பாடம். டோக் என்போம். அதில் ஒரு கண்காட்சி உண்டு. மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதோடு தொடர்புடைய மூன்று பொருட்களைக் கொண்டுவந்து விளக்க வேண்டும். எழுத்து 950 சொல்லுக்குள் முடிய வேண்டும். பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த படத்தை ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு பையன் மட்டும் தாத்தாவின் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தான். நின்றுபோன கடிகாரம். முள் 4.10இல் நிற்கிறது.

“சார், ஒருநாள் சாயங்காலம் இதைப் பார்த்து நாலு பத்துன்னு நினைச்சேன். நிஜமாவே அப்ப மணி நாலு பத்துதான். அப்போ எனக்கு நேரம் தெரிஞ்சிருந்ததா, இல்லையா?” என்றான். அவன் நம்பினான், நம்பக் காரணமும் இருந்தது, நம்பியது உண்மையும்கூட. ஆனாலும் தெரிந்திருந்தது என்று சொல்ல நாக்கு வரவில்லை. நின்ற கடிகாரத்தைத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். எட்மண்ட் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கக் கட்டுரையில் இதே மாதிரிச் சிக்கலை எழுப்பினார். காரணத்தோடு நம்பியது உண்மையாகவும் இருந்தால் அதுதான் அறிவு என்று அதுவரை சொல்லிவந்த வரையறை ஆட்டம் கண்டது. அதற்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் முன்னால், எட்டாம் நூற்றாண்டில், பௌத்த தருக்கவாதி தர்மோத்தரர் இன்னோர் உதாரணம் சொன்னார். அப்போதுதான் பற்றவைத்த நெருப்பு, இன்னும் புகையவில்லை. மேலே பூச்சிக் கூட்டம் மொய்க்கிறது. தூரத்தில் நிற்பவர் அதைப் புகை என்று நினைத்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறார். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது.

பையனுக்கு இந்த மூன்று பேரையும் தெரியாது. அன்றைக்கு நான் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் அது ரஸலுடைய கேள்வி ஆகியிருக்கும். ஒரு வாரமாவது அவனுடையதாக இருக்கட்டும் என்று பட்டது.

தமிழாசிரியை

ஐயா, நீங்கள் புகை என்றதும் எழுதத் தோன்றியது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி அளவை (தருக்கம்) சொல்லித்தருகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது (பக்கம்), புகை தெரிவதால் (ஏது, அதாவது காரணம்), அடுக்களையைப் போல (திட்டாந்தம்). நான் படித்தபோதும் சரி, நடத்தியபோதும் சரி, மணிமேகலை என்றால் அமுதசுரபிதான் பாடம். அந்தக் காதைப் பக்கம் யாரும் போவதில்லை, கடினம் என்று ஒதுக்கிவிடுவோம்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் துணிந்து எடுத்தேன். நீங்களே ஒன்று சொல்லுங்கள் என்றேன். ஒரு சிறுமி எழுந்தாள்: “ஆசிரியர் அறையில ஆள் இருக்காங்க, ஃபேன் ஓடுறதால, நம்ம வகுப்பைப் போல.” உடனே பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருத்தி, “அணைக்காம போயிருந்தா?” என்றாள். முதலாமவள் என்னைப் பார்த்தாள். சரி, போய்ப் பார் என்றேன். ஓடினாள். அறை காலி, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, “ஏது தப்பு மிஸ்” என்றாள். ‘ஏது’ என்ற சொல்லை ஒரு பிள்ளை தன் தேவைக்கு எடுத்துப் பேசியதை என் பணிக்காலத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை

என்னுடையது சின்னப் பிள்ளைகள். ஒன்பது வயது. வட்டமாக உட்கார்ந்து, ஒரு கதை படித்து, அவர்களே கேள்வி எழுப்பி, அவர்களே ஒன்றைத் தேர்ந்து பேசுவது. மேத்யூ லிப்மன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1970களில் உருவாக்கிய ‘குழந்தைகளுக்கான தத்துவம்’ முறை. கல்லூரிக்கு வந்த பிறகு சிந்திக்கப் பழக்குவது தாமதம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

எங்கள் வட்டத்தில் ஒருநாள் வந்த கேள்வி: “கேட்கச் சொன்னதால மன்னிப்புக் கேட்டா அது மன்னிப்பா?” முக்கால் மணி நேரம் போனது. ஒரு பையன் ஆறு வாரமாக வாயே திறக்காதவன், முறை வந்தால் தலையை ஆட்டி அடுத்தவருக்கு விட்டுவிடுவான். அன்றைக்கு, “முதல்ல பொய்யா கேட்டேன். அவன் சரின்னான். அப்புறம் நிஜமாயிடுச்சு” என்றான். வட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த அமைதியைக் கலைக்காமல் இருக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. முன்பெல்லாம் உடனே “ரொம்ப நல்ல பதில்!” என்று கைதட்டிக் கெடுத்துவிடுவேன்.

நிர்வாகம் கேட்டது ஒன்றுதான்: இதனால் மதிப்பெண் கூடுமா? இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினேன். வாசிப்பிலும் கணக்கிலும் ஏறக்குறைய இரண்டு மாதப் படிப்பு அளவுக்கு முன்னேற்றம் என்றது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு இன்னும் பெரிய அளவில் நடத்தி 2021இல் வெளியான அறிக்கை, வாசிப்பில் அப்படி முன்னேற்றம் இருப்பதற்குச் சான்று இல்லை என்றது. வட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தப்பு என் மேலும் இருக்கிறது. மதிப்பெண்ணைக் காட்டி வாங்கிய அனுமதி அது. அந்தப் பையன் சொன்ன வாக்கியத்தைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். கொடுத்திருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

கணித ஆசிரியர்

தேர்வு நெருங்கும்போது தத்துவப் பாடவேளையைக் கேட்டு வாங்கி, கணக்கு நடத்தியவன் நான். பல வருடம். அந்த ஆசிரியர் ஒருதடவைகூட மறுத்ததில்லை, சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ‘நிரூபணம்’ என்றால் என்ன, எதற்கு வேண்டும் என்று என் மாணவர்களுக்கு அந்த வகுப்பில்தான் தெரிந்திருக்கும். இந்த வருடம் கேட்க மாட்டேன்.

தொடங்கியவர்

எல்லாவற்றையும் படித்தேன். அந்த மாணவியைக் கண்டுபிடித்துப் பேசினீர்களா என்று தனியாக இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முடியாது. திருத்தும் தாளில் பெயர் இருக்காது. பெண்ணா பையனா என்பதே எனக்குத் தெரியாது.

சந்தித்திருந்தால் ஒன்று காட்டியிருப்பேன். பிளேட்டோவின் கதையில் வெளியே வந்தவர் சூரியனை உடனே பார்ப்பதில்லை. கண் கூசுகிறது. முதலில் நிழல்களைப் பார்க்கிறார், பிறகு தண்ணீரில் தெரியும் பிம்பங்களை, பிறகு பொருட்களை, இரவில் வானத்தை, கடைசியில்தான் சூரியனை. அதாவது அவர் உறுதியை நம்பவில்லை, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பழகுகிறார். அந்தக் கேள்விக்குப் பிடி அங்கே இருக்கிறது. அது போதுமான பதிலா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அந்தப் பிள்ளை போதாது என்றுதான் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன்.

விடைக்குறிப்பில் ‘பொருத்தமான சொந்த வாதத்துக்கும் மதிப்பெண் தரலாம்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று முறை அனுப்பியாயிற்று. நான்காவதில் உங்கள் கடிகாரத்தையும் ஃபேனையும் சேர்த்துக்கொள்ளலாமா?