16 வருடக் குழுவைக் கலைத்துப் பணத்தைப் பிரிக்கலாமா?

பூந்தோட்டம் கேட்டது:

வணக்கம். எனக்கு நிலக்கோட்டைப் பக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போகிறவர்கள், மீதிப் பேருக்கு நூறு நாள் வேலை. 2009 ஜனவரியில் 14 பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த மகளிர் சுய உதவிக் குழு எங்களுடையது. என் மாமியார் முதல் நாளிலிருந்து உறுப்பினர். நான் பி.காம். படித்த மருமகள் என்பதால் இரண்டு வருடமாகக் கணக்கு நோட்டு என் கையில்.

இப்போது குழுவைக் கலைத்துவிட்டுப் பணத்தை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டத்தில் தீர்மானம் போடப் போகிறார்கள். 9 பேர் பிரிக்கலாம் என்கிறார்கள், 5 பேர் வேண்டாம் என்கிறார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் 7 வருடம் மாதம் 100 ரூபாய் சேமிப்பு, அப்புறம் 9 வருடம் மாதம் 200. ஆளுக்கு 30,000 சேர்ந்திருக்கிறது. 14 பேருக்கும் 4,20,000. இந்தப் பணத்தை எங்களுக்குள்ளேயே ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்து வாங்கியதில், இரண்டு தீபாவளிக்கு வட்டியைப் பிரித்து எடுத்தது போக, செலவு போக 2,10,000 நிற்கிறது. மொத்தம் 6,30,000. ஆளுக்கு 45,000 என்று எல்லாரும் மனக்கணக்குப் போட்டுவிட்டார்கள். வங்கியில் ரொக்கமாக 80,000தான் இருக்கிறது. மீதி 5,50,000 உள்கடனாக 9 பேரிடம் போயிருக்கிறது. அதில் யாருடைய பாக்கியும் 50,000-க்குக் குறைவில்லை.

ஏன் பிரிக்கச் சொல்கிறார்கள் என்றால், வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் பைக்கில் வந்து வசூல் பண்ணும் கம்பெனிக் கடன் 7 பேருக்கு இருக்கிறது. பூ எடுத்துவிட்டுப் பத்து மணிக்குத்தான் வீடு திரும்புவார்கள், அதற்குள் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அதை ஒரேயடியாக அடைத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார்கள். ஊரில் இப்போது "குழுப் பணம் கட்டணும்" என்றாலே அந்தக் கம்பெனிப் பணத்தைத்தான் சொல்கிறார்கள். எங்கள் குழுவுக்கே பெயர் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. ஓர் அக்கா 60,000 வாங்கி 11 மாதமாகக் கட்டவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு வாரம் இரண்டு தடவை மதுரைக்குப் போய் டயாலிசிஸ். கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "அவளுக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நான் என்ன செய்யட்டும்? கலைக்கக் கூடாது என்று என் மனசு சொல்கிறது. ஆனால் நான் குழு ஆரம்பித்து ஒரு தலைமுறை கழித்து வந்தவள். எடுத்துச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

*

வைகைக்கரை எழுதியது:

தங்கச்சி, மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் கூட்டமைப்பில் 11 வருடம் களப்பணியாளராக இருந்தேன். முதலில் நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம்.

கடன் வாங்கிய 9 பேருடைய பங்கு 4,05,000. அவர்கள் திருப்பித் தர வேண்டியது 5,50,000. ஆக, கலைக்கிற அன்றைக்கு அந்த 9 பேருக்கும் கையில் எதுவும் வராது. அவர்கள்தான் 1,45,000 கொண்டுவந்து வைக்க வேண்டும். அதோடு வங்கியில் இருக்கும் 80,000 சேர்ந்தால் 2,25,000. கடன் வாங்காத 5 பேருக்கு ஆளுக்கு 45,000 போகும், அவ்வளவுதான். பிரிக்கச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் கடன் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த 45,000 அவர்கள் வீட்டுக்கு எப்போதோ வந்து மாடாகவும் காதுகுத்துச் செலவாகவும் ஆகிவிட்டது. டயாலிசிஸ் வீட்டு அக்கா பங்கு போக 15,000 உடனே எடுத்து வைக்க வேண்டும். எங்கே போவார்? செவ்வாய்க்கிழமை பைக்காரரிடம்தான்.

வெள்ளிக்கிழமை வாதாடப் போகாதீர்கள். பேரேட்டை எடுத்து வைத்து, ஒவ்வொருவர் பக்கத்தையும் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படியுங்கள். மூன்று மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. நான் பார்த்தவரை, குழுவைக் கலைக்கலாம் என்ற பேச்சு எழுகிற இடத்தில் அடியில் இருப்பது பணத்தட்டுப்பாடு மட்டுமில்லை. "என் பணம் எவ்வளவு, எங்கே இருக்கிறது" என்று தெரியாத பயம். ஒரே கை எழுதி, ஒரே பெட்டியில் பூட்டி, யாரும் கேட்காமல் பத்து வருடம் ஓடியிருக்கும்.

படிக்காதவர்களுக்குக் கணக்குப் புரியாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1990-ல் மதுரைப் பக்கம் களஞ்சியம் என்ற பெயரில் பெண்கள் சேமிப்புக் குழுக்கள் தொடங்கியபோது உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்காரப் பெண்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பிள்ளை அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ. அந்தப் பெண்கள் குழுக்களைச் சேர்த்துக் கொத்தாகவும், கொத்துகளைச் சேர்த்து வட்டாரக் கூட்டமைப்பாகவும் கட்டி, தங்கள் பணத்துக்குத் தாங்களே முதலாளி ஆனார்கள். களஞ்சியம் என்று பெயர் வைத்ததே அதனால்தான். விதைநெல்லை யாரும் பங்கு போட்டுச் சமைப்பதில்லை.

*

பணிநிறைவு_வங்கியாளர் எழுதியது:

திண்டுக்கல் மாவட்டக் கிளைகளில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். வங்கிப் பக்கத்து விஷயம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் குழு பழைய குழு என்பதே ஒரு சொத்து. ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தபோது எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அடமானம் இல்லாத கடன் எப்படித் திரும்பும் என்று நானே பேசியிருக்கிறேன். திரும்பி வந்தது. காரணம் நோட்டுதான். ஒழுங்கான கூட்டம், ஒழுங்கான சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்கு ஆகிய ஐந்தையும் பஞ்சசூத்திரம் என்பார்கள். குழுவைத் தரம் பிரிக்கும்போது முதலில் இதைத்தான் பார்ப்போம். கலைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் குறைந்தது 6 மாத நடவடிக்கை நோட்டில் இருந்தால்தான் கடன் பற்றிப் பேசவே முடியும். 16 வருட வரலாறு குப்பைக்குப் போய்விடும்.

அப்புறம், 10 லட்சம் வரை குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கைப் பிடித்து வைக்கவும் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி. "சேமிப்பை எடுக்காதே, கடனுக்கு அதுதான் ஜாமீன்" என்று எந்தக் கிளையிலாவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். ஊரக வாழ்வாதார இயக்கம் என்ற அரசுத் திட்டத்தில் வரும் மகளிர் குழுவுக்கு 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் கடன் கிடைக்கும். வாராந்திரக் கம்பெனிகள் வாங்குவது 20 சதவீதத்துக்கு மேல். உங்களில் 7 பேருக்கு அந்தப் பாரம் என்றால், குழு வழியாக வங்கிக் கடன் வாங்கி அதை அடைப்பதுதான் வழி. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் கேளுங்கள்.

குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு, அதாவது இந்த மாதிரிக் கம்பெனிக் கடனுக்கு, வரம்பு வைத்திருக்கிறது. ஏழு பேரையும் உட்கார வைத்து அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

*

செல்வி_தருமபுரி எழுதியது:

எங்கள் அம்மா குழுவும் இப்படித்தான் பிரிந்தது. எங்கள் மாவட்டத்தில்தான் 1989-ல் மகளிர் மேம்பாட்டுக் கழகம் முதன்முதலாகக் குழுக்களை ஆரம்பித்தது. அம்மா அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். 2017 தீபாவளிக்கு முந்தின வாரம் பிரித்தார்கள். அம்மா கைக்கு 22,000 வந்தது. பொங்கலுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது, எதற்குச் செலவானது என்று இன்றைக்குக் கேட்டாலும் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த வருடம் தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட 10,000 தேவைப்பட்டது. முன்னால் என்றால் கூட்டத்தில் சொன்னால் போதும், அன்றைக்கு ராத்திரியே கிடைக்கும். அந்தத் தடவை அம்மா கம்மலைக் கழற்றிக் கொடுத்தார். கம்மல் போனதைவிட, மாதம் ஒரு நாள் பெண்கள் எல்லாரும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பேசியது நின்றுபோனதுதான் அம்மாவுக்குப் பெரிய நஷ்டம். ஒரே தெருவில் இருந்தும் இப்போது தண்ணீர்க் குழாயடியில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

*

பூந்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்று கூட்டம் முடிந்தது. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்தது, வீட்டுக்கு வரும்போது பதினொன்றே முக்கால்.

வைகைக்கரை அண்ணா சொன்னபடி வாதாடவில்லை. மாரியம்மன் கோயில் விளக்கடியில் பாயை விரித்து, பேரேட்டை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் அரை மணி நேரம் எல்லாரும் பூ கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள், கை நிற்கவில்லை. நாலாவது பக்கம் கிழக்குத் தெரு அத்தையுடையது. 2014-ல் கட்டிய தவணைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். "நில்லுத்தா" என்றார். "அந்த ஆடி மாசம் வெள்ளாட்டை வித்து ரெண்டாயிரம் கட்டினேன். நீ படிக்கலையே?" அத்தைக்குக் கையெழுத்துகூடத் தெரியாது, கைநாட்டுதான். நான் இரண்டு முறை தேடினேன், இல்லை. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அப்புறம் என் மாமியார்தான், "இன்னொருத்தி பக்கத்தைப் பாரு" என்றார். எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர். அந்த 2,000 மற்றவர் பக்கத்தில் ஏறியிருந்தது. 11 வருடமாக அத்தை அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார், யாரிடமும் கேட்கவில்லை. அப்போது கணக்கு எழுதிய பழைய ஊக்குநர் சின்னம்மா எழுந்து வந்து அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு மையில் திருத்தி, இரண்டு பேரிடமும் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினேன். அதற்கப்புறம் யாரும் பூ கட்டவில்லை. ஒவ்வொருவரும் தன் பக்கம் வரும்போது நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

கடைசியில் 1,45,000 கணக்கைச் சொன்னேன். பிரிக்கச் சொன்ன 9 பேரில் 6 பேர் கடன் வைத்திருப்பவர்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிரிக்க வேண்டாம் என்று தீர்மானம் எழுதியாகிவிட்டது. மகன் வீட்டோடு திருப்பூருக்குப் போகும் ஒருவர் மட்டும் விலகுகிறார், அவருக்குக் கடன் இல்லை, 45,000-ஐ வங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவோம். டயாலிசிஸ் வீட்டு அக்காவுக்கு ஒரு வருடம் வட்டி இல்லை, மாதம் 1,000 கட்டினால் போதும். இதைச் சொன்னது யார் தெரியுமா, "அவளுக்கு மட்டும் சலுகையா" என்று கேட்டவரேதான். அக்கா அன்றைக்கே சுருக்குப்பையிலிருந்து 500 எடுத்து வைத்தார். வாங்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. மாமியார் கண்ணைக் காட்டினார், வாங்கிப் பதிந்தேன்.

கம்பெனிக் கடன் இருக்கும் 7 பேருக்காக வங்கிக் கடன் கேட்டு அடுத்த வாரம் போகிறோம். வங்கியாளர் ஐயா, தீர்மான நகலோடு வேறு என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லுங்கள். வைகைக்கரை அண்ணா, ஆளுக்கு ஒரு பாஸ்புக் போட்டு அவரவர் கையில் கொடுக்கலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களும் பார்த்தால் புரிகிற மாதிரி ஏதாவது மாதிரி இருந்தால் அனுப்புங்கள். 13 புத்தகம் போதும்.