ஒரே பார்கோடு, இரண்டு எம்ஆர்பி: பில்லில் விலை மாறி விழுகிறது, வழி சொல்லுங்கள்

வெள்ளகோவில் மளிகை:
வணக்கமுங்க. எங்களுடையது சின்ன மளிகைக்கடை. அப்பா காலத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் கூட்டிக் கொடுப்பார். இப்போது கம்ப்யூட்டர், ஒயர் வைத்த லேசர் ஸ்கேனர், பில்லிங் சாஃப்ட்வேர் எல்லாம் வந்துவிட்டது. பகலில் கல்லாவில் அம்மா, பொழுது சாய்ந்த பிறகு நான்.

பெரிய தொல்லை விலைதான். ஒரே சோப்பில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் கடையில் இருக்கிறது. உறையில் எம்ஆர்பி வேறு வேறு. ஸ்கேன் செய்தால் இரண்டுக்கும் ஒரே விலை விழுகிறது. தோட்டத்திலிருந்து வரும் ஆத்தா ஒருவர் சோப்பையும் பில்லையும் அம்மா முன்னால் வைத்து, "ஏங்கண்ணு, இதுல ஒரு வெல போட்டிருக்குது, சீட்டுல ஒரு வெல போட்டிருக்குதே" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு அன்றைக்கெல்லாம் மனசே சரியில்லை. அப்பா சம்பாதித்து வைத்த பேரே அந்தக் கணக்குச் சுத்தம்தான்.

அடுத்தது, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை மூட்டையாக வாங்கி நாங்களே அரைக்கிலோ, ஒரு கிலோ பாக்கெட் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பாதி ஸ்டிக்கரை ஸ்கேனர் படிப்பதே இல்லை.

சில நேரம் பார்கோடு எண் போய் எண்ணிக்கைக் கட்டத்தில் விழுந்து, பில் தொகை கோடிக்கணக்கில் நிற்கிறது. ஸ்கேனரையே மாற்ற வேண்டுமா?

பெருந்துறை பில்லிங்:
தம்பி, ஸ்கேனரை மாற்ற அவசரப்படாதீங்க. முதலில் இதைப் பாருங்க. நோட்பேடைத் திறந்து வைத்து இரண்டு சோப்பையும் ஸ்கேன் பண்ணுங்க. ஒரே எண் வருகிறதா? உங்கள் ஸ்டிக்கர் அகலம் எத்தனை மில்லிமீட்டர், அதில் எத்தனை இலக்கம்? பொருள் பட்டியலை எப்படி ஏற்றினீங்க, கையால் அடித்தா, எக்செல்லிலிருந்தா?

வெள்ளகோவில் மளிகை:
பார்த்தேன் அண்ணா. இரண்டு சோப்புக்கும் ஒரு இலக்கம்கூட மாறாமல் ஒரே எண். ஸ்டிக்கர் 25 மி.மீ., அதில் 13 இலக்கம். பக்கத்துக் கடைக்காரர் 890-ல் ஆரம்பித்தால்தான் இந்தியப் பொருள் என்றார், அதனால் அப்படியே போட்டோம். பட்டியல் எக்செல்லில் திருத்தி ஏற்றியது.

பெருந்துறை பில்லிங்:
அப்போது ஸ்கேனர் நல்லாத்தான் இருக்குதுங்க.

அந்தக் கோடுகளுக்குள் விலை கிடையாது, பொருளின் பெயரும் கிடையாது. 13 இலக்க எண் ஒன்று மட்டும்தான். எண்ணைப் படித்துச் சொல்வதோடு ஸ்கேனரின் வேலை முடிந்தது. விலையை எடுத்துக் கொடுப்பது உங்கள் பட்டியல். கம்பெனிக்காரர்கள் எம்ஆர்பியை ஏற்றினாலும் இறக்கினாலும் பெரும்பாலும் பழைய எண்ணையேதான் அச்சடிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனபோது எல்லாக் கடையிலும் இந்தக் குழப்பம்தான். பட்டியலில் ஒரு எண்ணுக்கு ஒரே விலை இருந்தால் கடைசியாக ஏற்றிய விலைதான் விழும்.

சாஃப்ட்வேர் அமைப்பில் பேட்ச் (ஒரு தடவையில் வந்த சரக்கு) வாரியாகவோ பல எம்ஆர்பி என்றோ ஒரு வசதி இருக்கும். அதை இயக்குங்க. பிறகு கொள்முதல் பதியும்போது புது எம்ஆர்பி வந்தால் பழைய வரியை அழிக்காமல், தனி பேட்சாகச் சேருங்க. கல்லாவில் ஸ்கேன் செய்ததும் இரண்டு விலையும் சின்னக் கட்டத்தில் வந்து நிற்கும். அம்மா உறையைப் பார்த்து அந்த விலையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய சரக்கு தீர்ந்ததும் அந்த பேட்சின் இருப்பு பூஜ்யம் ஆகி, கட்டம் வருவது நின்றுவிடும்.

இதில் கல்லாவைவிடச் சரக்கு இறக்கும் இடம்தான் முக்கியம். பெட்டி வந்ததும் அலமாரியில் அடுக்குவதற்கு முன்னால் ஒரு உறையை எடுத்து எம்ஆர்பியைப் பட்டியலோடு ஒத்துப் பாருங்க. அங்கே விட்டால் கல்லாவில் எத்தனை கவனமாக இருந்தாலும் தப்பு வரும். உறையில் போட்ட எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டப்படி குற்றம். ஆத்தா கேட்டது நியாயம்தான்.

இப்போது ஸ்டிக்கர். 13 இலக்க பார்கோடு, இரண்டு ஓரத்து வெற்றிடத்தையும் சேர்த்து, அளவுப்படி 37.29 மி.மீ. அகலம். 80 சதவீதம் வரைதான் சுருக்கலாம், அதுவே 30 மி.மீ. கிட்ட வருகிறது. நீங்கள் 25-க்குள் அடைத்திருக்கிறீங்க. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், ஓரத்து வெற்றிடமும் போயிருக்கும். அந்த வெள்ளை ஓரம் இல்லாவிட்டால் கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது.

890 விஷயமும் அப்படி இல்லை. ஜிஎஸ்1 இந்தியா என்ற அமைப்பு வழியாகப் பதிந்து வாங்கிய எண் என்றுதான் அதற்குப் பொருள். சரக்கு எங்கே செய்தது என்பதை அது சொல்லாது. பதியாமல் நீங்களாக 890 போட்டால் நாளைக்கு வேறு கம்பெனி பிஸ்கட் எண்ணும் உங்கள் சர்க்கரை எண்ணும் ஒன்றாகிவிடலாம். உங்கள் கடைக்குள் மட்டும் விற்கும் பாக்கெட்டுக்கு 6 இலக்க எண் வைத்து, கோட் 128 என்கிற இன்னொரு பார்கோடு வகையில் அச்சடியுங்க. 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) பிரிண்டரில் மிக மெல்லிய கோட்டுக்கு இரண்டு புள்ளி, அதாவது 0.25 மி.மீ. என்று வைத்தால், வெற்றிடத்தோடு சேர்த்து 22 மி.மீ.-ல் அடங்கும். இருக்கிற ஸ்டிக்கரே போதும். வேறு கடைகளுக்கும் பாக்கெட் போட்டு அனுப்புகிற எண்ணம் இருந்தால் மட்டும் ஜிஎஸ்1-ல் பதியுங்க.

அந்தியூர் அக்கா:
ஸ்டிக்கரில் இன்னொன்றும் பாருங்க தம்பி. நகத்தால் ஸ்டிக்கரை அழுத்திக் கீறுங்க. கறுப்புக் கோடு விழுந்தால் அது சூட்டில் கறுக்கும் காகிதம். வெயில் பட்டாலும் எண்ணெய் பட்டாலும் எழுத்து வெளுத்துப் போகும். நாங்கள் செக்கில் ஆட்டின கடலை எண்ணெய் பாட்டிலில் இதைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பார்கோடு பழுப்பாகிப் போகும். ரிப்பன் போட்டு அச்சடிக்கும் பிரிண்டருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. சர்க்கரைக்கு அந்தச் சூட்டில் கறுக்கும் காகிதமே போதும், ஆனால் வாசல் வெயில் படும் அடுக்கில் வைக்காதீங்க. ஒட்டும்போது பாக்கெட் மடிப்பு விழாத சமதளமாகப் பார்த்து ஒட்டுங்க. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை, அதை விலை தெரியாமல் தேட விடலாமா!

பெருந்துறை பில்லிங்:
அக்கா சொன்னது சரி. எண்ணிக்கைக் கட்டத்தில் எண் விழுவதற்கும் காரணம் இருக்குது. ஸ்கேனர் என்பது கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்டு மாதிரி, கர்சர் நிற்கிற இடத்தில் அடித்துவிட்டுப் போகும். ஸ்கேனரோடு வந்த புத்தகத்தில் எண்ணுக்குப் பின்னால் என்டர் சேர்க்கிற பார்கோடு ஒன்று இருக்கும், அதை ஒரு தடவை ஸ்கேன் பண்ணுங்க. சாஃப்ட்வேரில் ஒரு பொருள் ஏறியதும் கர்சர் தானாக அடுத்த பொருள் கட்டத்துக்குப் போகும்படி வையுங்க. எண்ணிக்கைக்கு 999 என்று உச்சவரம்பு போட முடிந்தால் போட்டுவிடுங்க.

எக்செல் என்றீங்களே, பட்டியலில் 8901230000000 மாதிரி பூஜ்யங்களில் முடிகிற எண்கள் இருக்கிறதா பாருங்க. நீள எண்ணை எக்செல் 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்கிற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் மிச்ச இலக்கமெல்லாம் போய்விடும். பார்கோடு பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு ஏற்ற வேண்டும்.

எண் சரியா என்று கையாலும் பார்க்கலாம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. 8901234567890-ஐ எடுத்துக்கொள்ளுங்க. முதல் 12 இலக்கத்தில் 1, 3, 5 என்று ஒற்றை இடத்து இலக்கங்களைக் கூட்டினால் 28. இரட்டை இடத்தவை 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடைசி இலக்கம், இங்கே 0.

வெள்ளகோவில் மளிகை:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றிங்க. பட்டியலில் பூஜ்யத்தில் முடிகிற எண்கள் வரிசையாக இருந்தன. டெக்ஸ்ட் ஆக்கித் திரும்ப ஏற்றியாயிற்று. பேட்ச் போட்ட பிறகு சோப்பு இரண்டு விலையும் காட்டுகிறது, அம்மாவே உறையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். ஆத்தாவுக்குக் கூடுதலாக வாங்கியதையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. 6 இலக்க ஸ்டிக்கரை ஸ்கேனர் தொட்டவுடன் படிக்கிறது.

ஒன்றுதான் பாக்கி. பக்கத்து ஊரில் முறுக்குப் போடுகிறவர் பாக்கெட்டில் பார்கோடு பளிச்சென்று இருக்கிறது, ஓரமும் நிறைய விட்டிருக்கிறார். வெள்ளையில் சிவப்புக் கோடு. எப்படிக் காட்டினாலும் ஸ்கேனர் படிக்கவில்லை.

பெருந்துறை பில்லிங்:
உங்கள் ஸ்கேனர் லேசர் சிவப்பு வெளிச்சம்தானுங்களே. அந்த வெளிச்சத்தில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தாளும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும், கோடு இருப்பதே தெரியாது. இப்போதைக்குக் கீழே இருக்கிற எண்ணைக் கையால் அடியுங்க. அடுத்த தடவை கவர் அச்சடிக்கும்போது கோட்டை மட்டும் கறுப்பில் போடச் சொல்லி அவரிடம் சொல்லிவிடுங்க. அவர் சரக்குப் போடுகிற எல்லாக் கடையிலும் இதே சிரமம் இருக்கும்.